கிழக்குச் சுவர்

காலையில் நாற்பது நிமிஷம் நடந்துவிட்டு வந்தால்தான் எனக்குக் காப்பி ருசிக்கும். தாராவியை விட்டு மாட்டுங்காவுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். பூங்காவை நான்கு சுற்றுச் சுற்றி, ஸ்டேஷன் பக்கம் பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்புவேன். நம் ஊரிலும் இப்படி ஒரு நடைபாதை இருந்தால் என்ன என்று தோன்றியது அந்த நடையில்தான். கெட்ட எண்ணத்தில் தொடங்கியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுரேந்திரன்.

நம் ஊர்ச் சங்கத்தின் புதுச் செயலாளர் என்ற முறையில் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். ஊர் விளையாட்டுத் திடலுக்கு ஏன் இரண்டு வரைபடங்கள்? தாராவி சங்க அறையில் தொங்குவதில் கிழக்கே ஒரு வாசல் இருக்கிறது, ஊரில் மேஸ்திரி பாபு கையில் இருப்பதில் ஏன் இல்லை? நியாயமான கேள்வி. இரண்டையும் வரைந்தது இந்தச் சங்கரநாராயணன்தான். செம்பூர் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் டிராப்ட்ஸ்மேனாக இருந்தவன், கோடு தப்ப மாட்டேன்.

கபடிக்கு ஒரு களம், வாலிபாலுக்கு ஒன்று, ஓடுவதற்குத் தனித் தடம், எல்லாவற்றையும் சுற்றி வேப்பங்கன்று நட்ட அறுநூறு மீட்டர் நடைபாதை. நம் சங்கத்து முறை உங்களுக்குத் தெரியும். ஊரில் எது கட்டினாலும் மும்பையில் இருக்கிற நாம்தான் தீர்மானிப்போம். வரைபடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் தொங்கும், வீட்டுக்கு ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

கையெழுத்துப் போட பேராச்சியும் வந்தாள். தாராவியில் இட்லி அவித்து விற்பவள். என் பழைய வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைத் தகரம்தான் சுவர். என் மனைவி இறந்த மாதம் முழுக்க அவள் வீட்டுச் சோற்றைத்தான் தின்றேன். ஊரில் நான் மேலத்தெரு, அவள் கீழத்தெரு. தாராவியில் அதை யார் கேட்டார்கள், எல்லோருக்கும் ஒரே குழாய்தானே. அவள் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணாச்சி, கெழக்க ஒரு வாசல் வச்சிருங்க. மேலத்தெரு வழியா எங்க பிள்ளையள நடக்க விடமாட்டாவ."

அவள் கண் முன்னாலேயே சுவர்க்கோட்டை அழித்து வாசல் வரைந்தேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் மகள் ஷாலினி ஓட்டக்காரி. பதினாறு வயது. லாரிகள் வருவதற்கு முன்னால் விடியற்காலையில் தாராவித் தொண்ணூறடி ரோட்டில் ஓடிப் பழகியவள். டிசம்பரில் மாவட்ட அணிக்கான தேர்வு. அவளை ஜூன் மாதமே ஊரில் தன் தம்பி வீட்டில் விட்டு, அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள் பேராச்சி. உங்க திடல நம்பித்தான் அனுப்புதேன் அண்ணாச்சி என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூலையில் என் சித்தப்பா மகன் ஊரிலிருந்து போன் செய்தார். திடலில் பாதி நிலம் அவருடையது. கோபப்படவே இல்லை, நல்ல மனிதர். கிழக்கே வாசல் வைப்பதாக இருந்தால் நிலத்தை மறந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். நான் யோசித்தேன். நிலம் இல்லையென்றால் திடல் இல்லை, யாருக்கும் இல்லை. திடல் வந்துவிட்டால், சுவரை என்றைக்கு வேண்டுமானாலும் உடைத்துக்கொள்ளலாம். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். புதுத்தாள் எடுத்து வரைந்தேன். வாசல் இருந்த இடத்தில் கோட்டை ஒரு சென்டிமீட்டர் நீட்டினேன், அவ்வளவுதான். அதைப் பாபுவுக்கு அனுப்பினேன். சங்க அறைப் படம் தொங்கியபடியே இருந்தது. நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

திறப்பு விழா நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கிருந்து நாற்பது குடும்பங்கள் ரயிலில் டிக்கெட் போட்டாயிற்று. பேராச்சியும் போட்டாள். விழாப் பந்தலைக் கிழக்குச் சுவரோடு ஒட்டிக் கட்டி, திரை தொங்கவிடச் சொல்லியிருந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக அன்றைக்குக் கழிந்துவிடும், பிறகு மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்று கணக்கு.

கீழத்தெருவிலிருந்து கிழக்குச் சுவருக்கு வருகிற பாதைக்குத் தெற்கே, சுவரை ஒட்டிப் பழைய கல்குவாரி இருக்கிறது. சித்திரையில் கோவில் கொடைக்கு மட்டும் ஊருக்குப் போகிற நமக்கு, அது ஆடு மேய்கிற பள்ளம். ஐப்பசி மழையில் அதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்தேன். விழாவுக்கு முந்தின ஞாயிறு பாபு போட்டோ அனுப்பியிருந்தான். கரை வரைக்கும் தண்ணீர். ஓரமெல்லாம் இளகிப்போய் சரிகிறது, முள்வேலி போட்டுவிடவா என்று கேட்டிருந்தான். இப்போது வேலி போட்டால் ஏன் எதற்கு என்று எல்லோரும் கிழக்குப் பக்கமே பார்ப்பார்கள். விழா முடியட்டும் என்று பதில் போட்டேன்.

புதன்கிழமை மாலை நான்கு மணி இருக்கும், ஷாலினி போன் செய்தாள். ஓடுதடம் அப்போதுதான் தயாராகியிருந்தது; முதன்முதலாக மேலத்தெரு வழியாகத் திடலுக்குப் போயிருக்கிறாள். கோவில் முக்கில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாராவியில் பிறந்த பிள்ளைக்கு அது புரியவே இல்லை.

"அங்கிள், திரும்பிப் போன்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணேன்? கெழக்க வந்து பார்த்தா கேட்டே இல்ல, செவருதான் இருக்கு. மம்மி கேட் இருக்குன்னாங்களே?"

நான் என்ன பண்ணேன் என்று அவள் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் அவள் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருந்தால் நாற்பது குடும்பமும் அன்றைக்கே சங்க அறையில் கூடியிருக்கும்.

"குவாரிக் கரை வழியா செவரோரமாவே தெக்க போ. அந்த மூலைல செவரு இன்னும் எழும்பல, உள்ள ஏறிரலாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் அம்மாட்ட ஒண்ணும் சொல்லாத."

"டீக் ஹை அங்கிள்" என்று சம்மதித்துப் போனை வைத்துவிட்டாள்.

கரை இளகியிருப்பது எனக்குத் தெரியும். போட்டோ என் போனில்தான் இருந்தது. தெரிந்தேதான் அந்த வழியைச் சொன்னேன். நாலு நாள்தானே, ஓடுகிற பிள்ளை, கால் உறுதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் அவள் ஓடப் போனாள். குவாரித் தண்ணீரிலிருந்து மதியத்துக்கு மேல்தான் எடுத்தார்கள். ஒரு ஷூ கரைச் சேற்றிலேயே நின்றதாம். இடம் தெரியாத மும்பைப் பிள்ளை, குறுக்கே போய் வழுக்கிவிட்டாள் என்று ஊரில் முடித்துக்கொண்டார்கள். வழி சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்து திரும்பிய பேராச்சி நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். அழவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, "நாந்தான அண்ணாச்சி அனுப்பிச்சேன். நாந்தான கொன்னுட்டேன்" என்றாள். என்ன செய்ய, எல்லாம் விதி என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னேன். இன்றைக்கும் ஞாயிறுதோறும் எனக்கு இட்லி கொடுத்தனுப்புகிறாள். தின்னாமல் அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். ஆனாலும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை, மனம் நோவாள்.

விளக்கம் இவ்வளவுதான், சுரேந்திரன். இதை நீங்கள் சங்கத்தில் வாசித்தாலும் சரி, போலீசில் கொடுத்தாலும் சரி. நான் மறுக்க மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். தள்ளிப்போன திறப்பு விழாவைத் தை மாதம் வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். நடைபாதைக்கு ஷாலினி பெயரை வைக்க வேண்டும். பித்தளையில் பெயர்ப்பலகைக்கு நானே படம் போட்டுவிட்டேன், இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் செய்கிற மரியாதை. சித்தப்பா மகனிடமும் பேசிவிட்டேன், அவரும் சம்மதித்துவிட்டார், பெரிய மனது. பலகையை மேலத்தெரு வாசலில் மாட்டச் சொல்லுங்கள். திடலுக்கு வேறு வாசல் இல்லையே.