சேலம் – லே: மூன்றரை மணி நேரம்

சேலம் விமான நிலையத்துக்கும் லடாக்கில் உள்ள லே விமான நிலையத்துக்கும் வரைபடத்தில் கோடு போட்டால், அது ஏறக்குறைய நேர் வடக்காகப் போகும். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நேராகப் பறந்தால் மூன்றரை மணி நேரம். ஆனால் நேர் விமானம் கிடையாது, இன்ஸ்பெக்டர் மேடம். கள்ளக்குறிச்சியில் பதினோரு வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். லே, டெல்லி, பெங்களூர், சேலம் என்று மாறி மாறித்தான் வரவேண்டும். பனி கொட்டினால் லேயில் விமானம் கிளம்பாது.

தம்பி கலையரசன் அங்கே ராணுவத்தில் இருக்கிறான். அம்மா ஜெயம்மாள் சின்னசேலத்தில் என்னோடு இருந்தாள். நான்கு வருடமாக நுரையீரல் கோளாறு. கடைசி எட்டு மாதம் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் நான்தான்.

ஆகஸ்டிலும் நவம்பரிலும் டாக்டர் தாங்காது என்றார். இரண்டு தடவையும் தம்பிக்கு டிக்கெட் போட்டேன். அவன் வந்து சேர்ந்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள்.

ஜனவரியில் மூன்றாவது தடவை. தம்பி போனில் சொன்னான்: "எட்டு நாளு குடுத்துகிறாங்கண்ணே. இன்னொரு வாட்டி கேட்டா ஆபீசரு நம்ப மாட்டாரு."

அதில் நான்கு நாள் பனியில் போயிற்று. அதற்குள் அம்மா இரண்டு இட்லி சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். "தேறிக்கினு வர்றாங்க, பரவால்ல" என்றார் டாக்டர்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். மிச்சம் நான்கு நாளில் வர இரண்டு, போக இரண்டு; அவன் வந்து ஒரு ராத்திரிதான் தங்க முடியும். மறுநாள் திரும்பும் டிக்கெட்டும் நான் போட்டதுதான். பிப்ரவரியில் அம்மா போனால் அவனால் வர முடியாது. எங்கள் பக்கம் தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய பிள்ளை. அந்த உரிமை அவனுக்குக் கிடைக்காமல் போவதை நான் விரும்பவில்லை.

மதியம் ஒன்றே காலுக்குச் சேலத்தில் இறங்கினான். காரில் இரண்டு மணி நேரம்.

"இன்னாடா, வந்துட்டானா?" என்றாள் அம்மா.

"சேலம் வந்துட்டாம்மா."

"அந்தப் பச்சப் பொடவய எடு. அவன் வாங்கியாந்தது."

கட்டிவிட்டேன். தலை வாரிவிட்டேன். பிறகு மெஷினை நிறுத்தினேன்.

"நின்னுட்சிடா," என்றாள்.

"கரண்டு இல்லம்மா."

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருபது நிமிடம் ஆனது. திரும்ப மெஷினைப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு இசைவாணி ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்லியிருப்பது உண்மைதான்.

தம்பி வந்து அழுதான். இருட்டுவதற்குள் கொள்ளி வைத்தான். மறுநாள் விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. எந்தக் குளறுபடியும் இல்லை.

அவன் ஒரு தடவை அவளை உயிரோடு பார்க்கட்டும் என்று இரண்டு மணி நேரம் பொறுத்திருக்கலாமே என்கிறீர்கள். பொறுத்திருக்கலாம். ஆனால் அந்த இருபது நிமிடமும் அம்மா என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள், மேடம். அவன் வந்திருந்தால் விட்டிருப்பாள்.