கழுவி வந்த தட்டு

— தட்டைப் பாரு சவ்சன். நல்லாப் பாரு. கழுவித் துடைச்சு, முகம் பாக்கலாம் போல வந்திருக்கு. இதுதான் உன் வீட்டு வழக்கமா?

— உள்ள வாங்க உம் ஹானி அக்கா. வாசல்ல நின்னு பேசினா மாடி முழுக்கக் கேக்கும்.

— கேக்கட்டும். இந்த அலெக்சாந்திரியாவுல அடுத்த வீட்டுத் தட்டை எவளாவது வெறுமையா திருப்பி அனுப்புவாளா? வீட்டுல ஒண்ணும் இல்லாதவகூட ரெண்டு எலுமிச்சம்பழம் வெச்சு அனுப்புவா.

— வந்து… தப்பா நினைக்காதீங்க அக்கா.

— வேற எப்படி நினைக்கிறது ராசாத்தி? கோழி அனுப்பினேன், தட்டு காலி. கத்திரிக்காய் அனுப்பினேன், காலி. புருஷனைப் பறிகொடுத்த பொண்ணு, தனக்கு மட்டும் பொங்கித் திங்க மனசு வராதுன்னு நான் பாத்துப் பாத்து அனுப்புறேன். என் வீட்டுக்காரரு ஷவ்கி நெஞ்சுல ஸ்டென்ட் வெச்ச உடம்போட மாடி இறங்கி வந்து குடுத்துட்டுப் போறாரு.

— நான் ஒண்ணும் கேட்டு வாங்கலையே.

— கேக்கலதான். ஆனா உங்க தமியாத்து ஊர்க்காரங்க எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டாங்கன்னு சொல்வாங்க, நான்தான் நம்பல. உங்கம்மா உன்னை வளர்த்த லட்சணம் தட்டுலயே தெரியுது.

— ஊரைப் பேசுங்க, பொறுத்துக்கறேன். எங்கம்மாவை இழுக்காதீங்க. நான் ஒரு நாளும் தட்டைக் காலியா விட்டதில்ல. நேத்து பாலாடைக்கட்டி வெச்ச சம்பூசா. அதுக்கு முந்தி கோஃப்தா. அதுக்கும் முந்தி உருளைக்கிழங்கு. நிரப்பி நிரப்பித்தான் குடுத்தேன்.

— யார் கையில குடுத்தே?

— காபி போடட்டுமா அக்கா?

— காபி கிடக்கட்டும். யார் கையில குடுத்தே?

— அவரு கையிலதான்.

— அப்போ எங்க வீட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள சாப்பாடு ஆவியாப் போச்சா?

— படியில நின்னு சாப்பிட்டிருப்பாரு அக்கா. ஆசையில.

— படியிலயா? என் மனுஷன் சாப்பிட்டா அவரு சட்டையும் கூடச் சேர்ந்து சாப்பிடும். இத்தனை வருஷமா அந்தச் சட்டையைத் துவைக்கிறவ நான். இப்போ ஒரு பொட்டுக் கறை இல்ல. மேசையில உக்காந்து, மடியில துணி விரிச்சுத்தான் தின்னிருக்காரு. எங்க உக்காந்தாரு?

— இங்கதான். அந்த ஜன்னலோர நாற்காலியில.

— காபிக்கடையில சொக்கட்டான் ஆடிட்டு வர்றேன்னு சொன்னாரே.

— தெரியாது அக்கா.

— நகரு. நான் கொஞ்சம் உக்காரணும். வேண்டாம், தண்ணி வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு எங்க பிள்ளை ஹானி தலைமேல சத்தியம் பண்ணினாரு தெரியுமா? எண்ணெய்ச் சாமான் இனிமே தொட மாட்டேன்னு. குவைத்துல இருக்கிற அவனுக்கே ஃபோன் போட்டு அழுதாரு. நான் அன்னைக்கே எங்க மாமியா குடுத்த பொரிக்கிற சட்டியைத் தூக்கித் தூரப் போட்டேன். எண்ணெய் இல்லாமப் பொரிக்கிற மெஷின், அந்த ஏர் ஃப்ரையர் வாங்கினேன். எனக்கு அதைத் தொடவே பயம். முதல் நாள் தாமிய்யா வடை வெச்சா மாவு உருண்டை சுண்ணாம்புக் கட்டியா வந்துச்சு.

— மாவுல வெங்காயம் தூக்கலாப் போடணும். மேல எண்ணெய் ஒரு விரல் தொட்டுத் தடவினாப் போதும். பாதியில கூடையை எடுத்து ஒரு குலுக்கு.

— எல்லாம் பண்ணியாச்சு. குலுக்கினேன், திருப்பினேன், தாள் விரிச்சேன், தாள் எடுத்தேன். நான் பொறந்ததுல இருந்து காலையில பொரிச்ச தாமிய்யா இல்லாம இருந்ததில்ல. அவருக்காக அதையும் விட்டேன். அவரு முன்னாடி நான் மட்டும் தின்னா நல்லாவா இருக்கும்? ஆனா தினமும் தட்டைத் தள்ளி வெச்சுட்டு, என் பேரைச் சொல்லிச் சொல்லி ஒரே பாட்டு. கட்டையைக் கடிக்கிற மாதிரி இருக்கு இன்ஷிராஹ், உயிர் இல்லாத சாப்பாடு இன்ஷிராஹ். நான் அடுப்படியில முகத்தைத் திருப்பிக்கிட்டு அழுவேன். என் கைதான் சரியில்லன்னு நினைச்சேன்.

— உங்க கை நல்ல கை அக்கா. நீங்க அனுப்புற கத்திரிக்காய் அவ்வளவு நல்லாருக்கும்.

— தேன் தடவாதே. என் வீட்டுல பத்தியம், உன் வீட்டுல விருந்து. என்னை நல்லா ஏமாத்தினீங்க ரெண்டு பேரும்.

— மன்னிச்சிடுங்க.

— அவரை மன்னிச்சிடுவேன். அவருக்கு நாக்கு நீளம்னு தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். கல்யாணத்தன்னைக்கே பொண்ணைப் பாக்காம மீன் வறுவலைப் பாத்த ஆளு. நாக்கு பண்ற தப்பை ஒரு பொண்டாட்டி பொறுத்துக்கலாம். உன்னைத்தான் மன்னிக்க முடியல. டாக்டர் சொன்னது இந்தக் கட்டடத்துக்கே தெரியும். தெரிஞ்சும் எண்ணெய்ல முக்கி முக்கிப் போட்டிருக்கே.

— அக்கா, அப்படிச் சொல்லாதீங்க.

— எப்படிச் சொல்ல? அவரு உன் முகத்தைப் பாக்கவா வந்தாரு? உன் எண்ணெய்ச் சட்டிக்கு வந்தாரு. பசிச்ச பூனைக்குப் பால்னு நினைச்சு நீ விஷம் வெச்சே. நாளைக்கு அவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா கொன்னவ நீதான். அந்தச் சட்டியை எடுத்துட்டு வா. நானே என் கையால கீழ போடுறேன்.

— என்ன வேணா சொல்லுங்க, கொன்னவன்னு மட்டும் சொல்லாதீங்க. அடுப்படிக்கு வந்து நீங்களே பாருங்க. இந்த வீட்டுல சட்டி கிடையாது. உங்ககிட்ட இருக்கிற அதே மெஷின்தான் இங்கயும் இருக்கு, எல்லாம் அதுலதான் செஞ்சேன். ஷவ்கி ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே நானும் வாங்கிட்டேன்.