கண்ணாடித் தட்டில் ஒரு துளி

என் பற்கள் நன்றாக இருக்கின்றன. முப்பத்திரண்டில் ஒன்றுகூடச் சொத்தை இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பத்து வருஷம் பல் டாக்டரிடம் வேலை பார்த்தும் அந்த நாற்காலியில் நான் ஒரு நாள்கூட உட்கார நேர்ந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் டாக்டர் ஸ்ரீரங்கனின் கிளினிக் இருந்தது. 1987இல் அங்கே சேர்ந்தேன். எனக்குப் பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். படிப்பு ஏறவில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். படிப்பு ஏறியது. குரல்தான் வரவில்லை.

காலையில் டீச்சர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல் பெயர் வாசிப்பார். "தனக்கோடி" என்பார். "உள்ளேன் டீச்சர்" என்ற இரண்டு சொல்லும் என் தொண்டையில் நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அபிதகுஜாம்பாள் எனக்காக அதைச் சொல்லிவிடுவாள். ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் இப்படியே போயிற்று. ஒன்பதாம் வகுப்பில் அவளை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினார்கள். அதன் பிறகு நான் தினமும் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ரிஜிஸ்டரில் தினமும் வராதவளாக இருந்தேன். ஒரு நாள் போவதை நிறுத்திக்கொண்டேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

"அங்க வர்றவங்கதான் வாயத் தொறக்கணும், நீ தொறக்க வாணாம். உனுக்கு ஏத்த வேலைடி" என்று சொல்லித்தான் அம்மா என்னைக் கிளினிக்குக்கு அனுப்பினாள்.

ஆனால் திறக்க வேண்டியிருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாக, பாதி இங்கிலீஷில் விளக்குவார். வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். டாக்டரிடம் திருப்பிக் கேள்வி கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்பார்கள்.

"இன்னாம்மா சொன்னாரு டாக்டரு? புடுங்கணும்ன்றாரா, வாணான்றாரா?"

காலனியில் குடியிருந்த ஆபீஸ்காரர்களும் அப்படித்தான். "ஏம்மா, அவர் சொன்னாரே, அது கட்டாயம் செய்யணுமா?" என்பார்கள். அவர்கள் தணிந்த குரலில் கேட்டதால் எனக்கும் தணிந்த குரலில் பதில் சொல்ல வந்தது. நான் சொன்னதைத்தான் அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். டாக்டருக்கு இது கடைசிவரை தெரியாது.

1993 ஆவணியில் அபிதா படியேறி வந்தாள்.

"தனமா? நீ இங்கேயா இருக்கே? ரெண்டு தெரு தள்ளி இருந்துண்டு இத்தனை வருஷமா பார்க்கவே இல்லையேடி."

என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவள். சேலையூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை. மேல்வரிசையின் முன்பற்கள் ஆறிலும் அவளுக்குப் பழுப்புக் கோடுகள் உண்டு. சின்ன வயதில் காய்ச்சலுக்குச் சாப்பிட்ட மருந்தினால் வந்தவை. பள்ளியிலேயே கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். கல்யாண போட்டோவில் கையை எடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டும் என்று வந்திருந்தாள்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று வெனீர். பல்லின் முன்பக்கத்தை மட்டும் மெல்லிசாகச் சுரண்டி, நகத்தின் கனத்தில் ஒரு பீங்கான் தகட்டை ஒட்டுவது. அவர் புதிதாகக் கற்றுக்கொண்டு வந்தது. இன்னொன்று கேப். பல்லைச் சுற்றிலும் அராவிக் குச்சியாக்கி, அதன் மேல் முழு உறையாக மாட்டுவது.

"உன் பல் கெட்டுப்போகலைம்மா, கலர்தான் ப்ராப்ளம். வெனீர் போதும். மூணு விசிட்ல முடிஞ்சுடும்."

அபிதா தலையாட்டினாள். எனக்கு மூணு விசிட் என்பது மட்டும் காதில் நின்றது. மூன்று தடவை வருவாள், அப்புறம் நாக்பூர்.

வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணும் மண்டையில ஏறலை. நீ சொல்லுடி. உனக்கா இருந்தா எதைப் போட்டுப்பே?"

"கேப்தான்" என்றேன்.

"ஏன்?"

"வெனீர் சும்மா ஒட்டறதுதானே. முறுக்கு கடிச்சா வந்துடும். கல்யாணத்தன்னைக்கு வந்துட்டா என்ன பண்ணுவே?"

"அப்ப டாக்டர் ஏன் அதைப் போய்ச் சொன்னார்?"

"உன்னைப் பார்த்தா பயந்தவளாத் தெரியுது. அதான்."

"நானா? உன்னைவிடவா?" என்று வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நான் சொன்னதில் முழுப் பொய் என்று எதுவும் இல்லை. வெனீர் ஒட்டப்படுவதுதான். முறுக்கு கடினமானதுதான்.

அடுத்த வாரம் அவள் கேப் என்று சொன்னபோது டாக்டர் இரண்டு தடவை கேட்டார். "ராவினா ராவினதுதான், பல் திரும்ப வளராது. உனக்கு யாராவது ஏதாவது சொன்னாளா?"

"இல்லை டாக்டர். நானே யோசிச்சேன்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பள்ளியிலும் அவள் அப்படித்தான்.

ஆறு பல்லையும் அராவ இரண்டு மாலைகள் ஆயின. நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நல்ல பற்கள் அவை. முடி பொசுங்கினாற்போல ஒரு வாசனை வந்தது. முடிந்ததும் அவள் கைச்சாடையாலேயே கண்ணாடி கேட்டாள். நான் கொடுக்கவில்லை. மாட்டியிருப்பது தற்காலிகக் கேப், அசல் வந்ததும் பார்க்கலாம் என்றேன். அது அக்கறையினால் செய்தது.

நகரத்து லேபிலிருந்து அசல் கேப்புகள் வந்தன. அவற்றை ஒட்டும் சிமெண்ட்டைக் கலப்பது என் வேலை. பொடியையும் திரவத்தையும் குளிர்ந்த கண்ணாடித் தட்டில் குழைக்க வேண்டும். தட்டில் ஈரமே இருக்கக் கூடாது என்று சேர்ந்த முதல் வாரமே டாக்டர் சொல்லித் தந்திருந்தார். ஈரம் பட்டால் முதலில் பிடித்தாற்போலத்தான் இருக்கும். பிறகு எச்சில் உள்ளே போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். எத்தனையோ பேருக்குக் கலந்திருக்கிறேன். ஒருவருக்கும் கழன்றதில்லை. அன்றைக்குத் தட்டைக் கழுவினேன். துடைத்தேன். ஒரு துளியை மட்டும் விட்டுவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அபிதா கைக்குட்டையில் ஒரு கேப்பை முடிந்துகொண்டு வந்தாள். டாக்டருக்காகக் காத்திருந்த ஒரு மணி நேரமும் பேசினாள். நர்சரிக் குழந்தைகளைப் பற்றி, நாக்பூர் குளிரைப் பற்றி, மாப்பிள்ளை எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றி. "உங்கிட்ட மட்டும்தாண்டி இதெல்லாம் பேசறேன்" என்றாள். அன்றும் நான்தான் கலந்தேன். அன்றும் ஒரு துளி.

பிறகு வலி தொடங்கியது. வேருக்குள் சீழ் கோத்தது. ஒரு பல் முடிந்தால் அடுத்தது. செவ்வாய்க்கிழமைகள் நிறைய வந்தன. தையில் நடக்க வேண்டிய கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். பல் என்று சொன்னால் பெண்ணுக்குக் குறை என்றாகிவிடும் என்று பயந்து, அவள் அப்பா லக்ஷ்மிநாராயணன் மாப்பிள்ளை வீட்டுக்கு அம்மை போட்டிருப்பதாக எழுதினார். அந்தப் பொய்யை நான் சொல்லித் தரவில்லை. அவர்களே செய்தது.

வைகாசியில் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்தாள். திருநீர்மலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு அங்கேயே பேசுவதாக ஏற்பாடு. துணைக்கு அபிதா என்னையும் அழைத்திருந்தாள். மேலே மண்டபத்தில் உட்கார்ந்து பிரசாதப் புளியோதரை சாப்பிட்டோம். கடலைப் பருப்பைக் கடித்தபோது நடுவில் இருந்த இரண்டு கேப்புகளும் ஒன்றாக வந்துவிட்டன. அபிதா அவற்றைக் கையில் எடுத்தாள், மூடிக்கொள்ள மறந்துவிட்டாள். உள்ளே இருந்த இரண்டு கறுத்த குச்சிகளை அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மைன்னு எழுதியிருந்தேளே" என்று லக்ஷ்மிநாராயணனிடம் கேட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை.

படியிறங்கும்போது அபிதா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். காற்று நன்றாக இருந்தது. படிகள் நிறைய இருந்தன.

அடுத்த மூன்று வருஷத்தில் ஆறு பல்லையும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் காரணத்தைத் தன்னிடமே தேடினார். விளக்குக்குக் கீழே விரல்களை விரித்து நடுங்குகிறதா என்று பார்ப்பார். "என் கை போயிடுத்து தனக்கோடி. ஒரு சின்னப் பொண்ணோட பல்லைக் கெடுத்துட்டேன்" என்றார். அப்படியெல்லாம் இல்லை சார் என்றேன். அது உண்மையும்கூட. 1997இல் கிளினிக்கை மூடினார். நான் நம்பிக்கையானவள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது அபிதா கழற்றி மாட்டும் பல் செட்டு போட்டிருக்கிறாள். அது ஈறில் சரியாக உட்காரவில்லை; பேசினால் காற்றுப் போகிறது. நர்சரிக் குழந்தைகள் அவள் பேசுவதுபோலவே பேசிக் காட்டினார்கள். வேலையை விட்டுவிட்டாள். வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, செவ்வாய்க்கிழமை தவிர.

செவ்வாய்க்கிழமை நான் அவளைத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நகரத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன். "நீ இல்லேன்னா இவ வாசப்படி தாண்ட மாட்டாம்மா" என்று லக்ஷ்மிநாராயணன் கண் கலங்குகிறார். பரவாயில்லை சார் என்கிறேன்.

நடந்ததில் தவறுதலாக நடந்தது எதுவுமில்லை. வெனீர் போதும் என்று எனக்குத் தெரியும். கேப் என்று சொன்னது நான். துளியை விட்டது நான், ஒவ்வொரு தடவையும். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டாக்டர் தன் கையைப் பார்த்தார்; அபிதா தன் ஜாதகத்தைப் பார்த்தாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நூறு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். சிஸ்டர் சீட்டைப் பார்த்தபடி பெயர் வாசிப்பார். "அபிதகுஜாம்பாள்." அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

"இருக்கா, சிஸ்டர்" என்று நான் சொல்வேன். என் குரல் கூடத்தின் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கும். அவள் எனக்காக இரண்டு வருஷம்தான் சொன்னாள். நான் ஆயுசுக்கும் சொல்வேன். இவ்வளவு செய்கிற சிநேகிதி அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.