ஆர்வான் நீரிணையில் ஒரு சிவப்புக் காய்

எனக்கு நீச்சல் தெரியாது, மேடம். கடலையே வாழ்க்கையில் மூன்று நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். வேளாங்கண்ணிக்குப் போகும்போது பேன்ட்டை மடித்துவிட்டுக் கால் நனைப்பதோடு சரி. அப்படிப்பட்டவன் ஒரு கடற்போரைப் பற்றித் தினமும் பேசினான், அதையும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கப்பல் கம்பெனிக்காக விசாரிக்க வந்த நீங்கள் சிரிக்கவில்லை. நடந்ததை எழுதிக் கொடுங்கள், தமிழிலேயே எழுதலாம், படித்துச் சொல்ல எங்களிடம் ஆள் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் மரியராஜ். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பொருள் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை. எனக்கோ வாய் சும்மா இருக்காது. ஆர்வான் நீரிணையில் சண்டை தொடங்கியபோது, செல்போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, சாப்பாட்டு மேசை மேல் உலக வரைபடத்தை விரித்து, யூடியூபில் பேசத் தொடங்கினேன். அந்த இரண்டு நாடுகளின் பெயரும் நம் ஆட்களின் வாயில் நுழையாது. அதனால் வடகரைக்காரர், தென்கரைக்காரர் என்றே வைத்துக்கொண்டேன். வடகரையிடம் கப்பற்படை, தென்கரையிடம் விமானப்படை. நீரிணை யாருடையது என்பதுதான் வழக்கு. நடுவில் மாட்டிக்கொண்டவை எண்ணெய்க் கப்பல்கள்.

கப்பல்களைக் காட்ட கேரம் காய்களை வைத்தேன். கறுப்பு வடகரை, வெள்ளை தென்கரை. அது ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. குண்டலுபேட்டையில் வெங்காய மண்டிக்காரர்கள் கடையில் போட்டுப் பார்த்தார்கள். டீசல் விலை ஏறுமா, உரம் வருமா என்று என்னிடம்தான் கேட்டார்கள். கௌதள்ளியிலிருந்து சித்தையன் என்றொரு விவசாயி தினமும் நேரலையில் கூப்பிடுவார். “ஏனுங்க, நீங்க சொன்னா அப்படியே நடக்குதுங்க. எங்கூர்ல உங்களக் கேட்டுட்டுத்தான் உரமூட்டை எடுக்கறோமுங்க” என்பார். தொழிற்சாலையில் இருந்தவரை ஒரு ஆணி வாங்குவதற்கும் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கியவன் நான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் தங்கை விக்டோரியா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் கணவர் உயிரோடு இல்லை. மகன் ஆலன் எண்ணெய்க் கப்பலில் மூன்றாம் இன்ஜினியர், மகள் நிம்மி கல்லூரியில் படிக்கிறாள். ஆலனுக்கு நான் தாய்மாமன் மட்டுமல்ல, ஞானத்தந்தையும்கூட. ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தி நின்றவன். இதை எழுதும்போது கை கூசுகிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

ஆலனின் கப்பல் ‘தலிசா ஸ்டார்’ நீரிணைக்குள் போனதும் சண்டை முற்றியது. வெளியே வர வழியில்லை. இருக்குமிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு எங்கோ ஒதுங்கி நின்றார்கள். இடத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கம்பெனி உத்தரவு. விக்டோரியாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

இங்கே நான் மூக்கறுபட்ட கதையைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வடகரைக்காரர்கள் ஒளிந்திருக்கும் எண்ணெய்க் கப்பல்களை அடிப்பார்கள் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். ஞாயிறு வந்தது, போனது. ஒரு கப்பலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெங்களூரில் மனோஜ்குமார் என்று ஒருவர், விமானப்படையில் இருந்தவர், அவரும் சேனல் நடத்துகிறார். “மைசூர் அங்கிள் கேரம் போர்டுல யுத்தம் நடத்தறார்” என்று சொல்லிச் சிரித்தார். அந்தத் துண்டு வீடியோ எல்லாப் பக்கமும் ஓடியது. என் நிகழ்ச்சி காற்று வாங்கியது. சித்தையன்கூட இரண்டு நாள் கூப்பிடவில்லை. ஒரு கப்பலும் அடிபடவில்லை என்பதில் எனக்கு வருத்தம் இருந்தது, மேடம். நல்ல மனிதனாக இருந்திருந்தால் அப்போதே என்னைப் பார்த்து நானே பயந்திருப்பேன்.

அந்த வாரம்தான் விக்டோரியா ஒரு காலையில் டியூட்டிக்குப் போகும் வழியில் வந்தாள். ஆலன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கப்பல் கைப்பிடியில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் ஒரு மொட்டை மலை, உடைந்த கலங்கரை விளக்கம்.

“அண்ணா, எங்க இருக்கேன்னு சொல்ல மாட்டேங்கறான். நல்லாயிருக்கேம்மா, சும்னே பயப்படாதன்னு மட்டும் சொல்றான். உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. அந்த எடம் சேஃபான்னு மட்டும் பாத்துச் சொல்லு. எடம் பேரு எனக்கு வேண்டாம்.”

பார்க்கிறேன் என்றேன். அவள் போனதும் செயற்கைக்கோள் படங்களைத் திறந்து தீவு தீவாகத் தேடினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் கிடைத்துவிட்டது. நீரிணையின் தென்மூலையில் ஆளில்லாத ஒரு தீவு, அதன் முதுகுப்பக்கம். மருத்துவமனைக்குப் போன் செய்து, நல்ல மறைவான இடம், கவலைப்படாதே என்றேன். “ஸ்தோத்திரம் அண்ணா” என்று அழுதாள். நான் சொன்னது உண்மைதான். அந்த நிமிடம் வரை அது மறைவான இடம்தான்.

பிறகு ஆலனைக் கூப்பிட்டேன். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன்.

“மாமா, ப்ளீஸ், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அம்மாவுக்கே சொல்லல. உள்ள இருக்கறது தென்கரை ஏர்ஃபோர்ஸுக்குப் போற பெட்ரோல். தெரிஞ்சா விட மாட்டாங்க.”

“எங்கிட்ட சொன்னா கல்லுல போட்ட மாதிரிடா” என்றேன்.

அன்று மாலை நிகழ்ச்சியில் கேரம் பெட்டியிலிருந்து சிவப்புக் காயை எடுத்தேன். அதற்கு முன் அதை நான் வரைபடத்தில் வைத்ததே இல்லை. போட்டோவில் ஆலனின் முகத்தை வெட்டிவிட்டு மலையையும் கலங்கரை விளக்கத்தையும் மட்டும் காட்டினேன். அந்தத் தீவின் முதுகில் காயை வைத்தேன். இங்கே ஒரு கப்பல் ஒளிந்திருக்கிறது, அதில் இருப்பது தென்கரை விமானங்களுக்கான எரிபொருள், அடுத்த அடி இங்கேதான் விழும், பெங்களூர் நிபுணர் குறித்து வைத்துக்கொள்ளட்டும் என்றேன். உறவுக்காரன் ஒருவன் அங்கே இருக்கிறான் என்று சொல்லவில்லை. சொன்னால் நானாகக் கண்டுபிடித்த பெருமை போய்விடும்.

மைசூரில் ஒரு சாப்பாட்டு மேசையில் தமிழில் பேசியதை வடகரைக் கப்பற்படை எப்படிக் கேட்டிருக்கும் என்று எல்லோரும் என் பக்கம் நின்று பேசுகிறார்கள். பங்குச் சாமியார்கூட அப்படித்தான் ஆறுதல் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். அந்த வீடியோவின் துண்டை இங்கிலீஷில் இரண்டு வரி எழுதி, வடகரைக் கப்பற்படையின் அதிகாரபூர்வப் பக்கத்தின் பெயரைக் கோர்த்து எக்ஸ் தளத்தில் போட்டவன் நான்தான். கப்பலில் இந்தியப் பையன்கள் இருக்கிறார்கள், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று அவர்களுக்குத் தெரிவிக்கத்தான் போட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் அதன் நகல் இருக்கிறது. தீவின் பெயர் இருக்கிறது, சரக்கின் பெயர் இருக்கிறது. பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலை ஆலன் கூப்பிட்டான். கப்பலில் யாரோ அதைப் பார்த்துவிட்டார்கள். அவன் கத்தவில்லை, திட்டவில்லை. “மாமா, எடுத்துடுங்க மாமா. இப்பவே எடுத்துடுங்க. கேப்டன் வேற எடம் பாக்கறார், அதுவரைக்கும் போதும்” என்றான். சரிடா கண்ணா என்றேன். எடுக்கத்தான் போனேன். திறந்து பார்த்தால் அதுவரை நான் பேசிய எதையும் பார்க்காத அளவு கூட்டம் அதைப் பார்த்திருந்தது. மனோஜ்குமாரே கீழே வந்து, இந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் சார் என்று கேட்டிருந்தார். சார் என்று போட்டிருந்தார். மாலை நிகழ்ச்சி முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆலன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். பூசையில் இருக்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். அன்று நான் கோயில் பக்கமே போகவில்லை.

அன்று மதியம் ஏவுகணை விழுந்தது. கப்பலில் இருந்தது விமான பெட்ரோல். அதற்கு மேல் உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆலனை அடக்கம் செய்ய எதுவும் வரவில்லை. பெட்டியில் அவனுடைய வெள்ளைச் சீருடையை வைத்துப் புதைத்தோம். முன்னால் நின்று தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

நான் எக்ஸில் போட்டதும், எடுக்கச் சொல்லி ஆலன் கெஞ்சியதும் விக்டோரியாவுக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குக் கறிக்குழம்பு கொடுத்தனுப்புகிறாள். அண்ணன் உடைந்துபோய்விட்டான், சமைத்துச் சாப்பிட மாட்டான் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாளாம். கொண்டுவருவது நிம்மி. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் அடுக்களை வரை வந்து வம்பளப்பாள். இப்போது தூக்குவாளியைக் கேட்டில் மாட்டிவிட்டு, கூப்பிடாமல் போய்விடுகிறாள். அந்தக் குழம்பை நான் சாப்பிடவும் செய்கிறேன். வெட்கக்கேடு என்றால் அதுதான்.

கடைசியாக நீங்கள் ஒன்று கேட்டீர்கள். அன்று மதியம் நேரலையைத் தொடங்கும்போது, அடிபட்டது எந்தக் கப்பல் என்று உங்களுக்குத் தெரியுமா என்றீர்கள். தெரியாது என்றேன். செய்தியில் பெயர் வரவில்லை, தெரிந்திருந்தால் தங்கை வீட்டுக்கு ஓடியிருப்பேன் என்றேன். போலீஸிடமும் அதையே சொல்லியிருக்கிறேன்.

பெயர் வந்திருந்தது. படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. நான் சொன்னபடியே நடந்துவிட்டது என்ற நிம்மதி. எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு, செல்போனை ஸ்டாண்டில் மாட்டினேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது விக்டோரியா உள்ளே வந்தாள். நர்ஸ் உடையிலேயே வந்திருந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அண்ணா, எந்தக் கப்பல்?” என்றாள். கேமராவில் தெரியாதபடி கையைத் தாழ்த்தி, இரு என்று காட்டினேன். அவள் சுவரோரம் நின்றுகொண்டாள். என் நேயர்களோடு சேர்ந்து அவளும் கேட்டாள்.

பெயரைச் சொல்வதற்கு முன் சற்று நிறுத்தினேன், மேடம். அப்படி நிறுத்தினால்தான் கேட்பவர்களுக்கு ஒரு எதிர்பார்ப்பு வரும்.