நடுவில் வைத்தால் கொசு

— சத்தியமா சொல்றேன்மா. இந்தக் கிடார் மேல கை வெச்சுச் சொல்றேன். இனிமே என் வாயிலேர்ந்து வர்ற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

— கையை எடுங்க மாமா. சால்டரிங் ராடு சூடா இருக்கு.

— எடுத்துட்டேன். ஆனா சத்தியம் சத்தியம்தான். இதுல இடி விழுந்துது.

— கிடார்லயா?

— கிடார்லதான். நாலு வருஷம் முந்தி, உன் புருஷன் கடைசியா மேடை ஏறின அன்னைக்குக் காலையில. ஜன்னல் வழியா வந்துது. சோபாவை ஒரு சுத்து சுத்துச்சு. இதோட வயித்துக்குள்ள பூந்துது. மூணு நிமிஷம் இருந்துட்டு, வந்த வழியே போயிடுச்சு.

— கதவைத் தட்டலையா?

— இடிக்கு ஏதும்மா அவ்வளவு மரியாதை?

— சரி... அதுக்காக நான் இதைத் திறக்கக் கூடாதா?

— உள்ள மிச்சம் மீதி கரண்ட் இருக்கும்ல? நீ பாட்டுக்கு விரலை விட்டுட்டா, பொண்டாட்டி எங்கன்னு என் மகன் என்னைத்தானே கேப்பான்?

— கல்யாணத்துக்கு முந்தி ஏழு வருஷம் கிடார் கடையில ரிப்பேர் மேஜையில உக்காந்தவ நான். உங்க மகனே வாசிக்கிறதை விட்டுட்டு ஆம்ப்ளிஃபயரை விக்க அங்க வந்துதானே என்னைப் பார்த்தார்? இந்த ஸ்க்ரூவைப் பிடிங்க, உருண்டுடப் போகுது.

— பிடிச்சுட்டேன். நான் என்ன சொல்றேன்னா... பளபளன்னு துடைச்சுச் சுவத்துல மாட்டிடு. எதுக்கு நோண்டணும்?

— ஞாயித்துக்கிழமை வாசிக்க வாடான்னு அவரோட கூட்டாளி நேத்து வீடு தேடி வந்து கூப்பிட்டார். இவர் என்ன சொன்னார்? நீங்களும் இருந்தீங்கல்ல?

— காது போச்சு, எனக்கெதுக்கு இதெல்லாம்னான்.

— இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும். அதான் புது சுவிட்ச் வாங்கியிருக்கேன். பாருங்க, கம்பி அதிர்றதைப் பிடிக்கிற பிக்கப் இதுல ரெண்டு. பழைய சுவிட்ச்சுல மூணு இடம். மேல தள்ளினா ஒண்ணு. கீழ தள்ளினா இன்னொண்ணு. நடுவுல ரெண்டும் சேர்ந்து.

— சேர வேண்டாமே.

— ஏனாம்?

— தனித்தனியா இருந்தா நிம்மதியா இருக்கும். நடுவை எடுத்துடு.

— அவர் எப்பவும் நடுவுலதான் வாசிப்பார்னு நீங்கதானே சொன்னீங்க? புது சுவிட்ச்சுல நாலாவதா ஒரு இடம் உண்டு. அதுல ரெண்டும் ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு கோத்து நிக்கும். சத்தம் கனமா வரும்.

— ஆங், அது போதும்! நடுவுக்குப் பதிலா அதையே வை.

— நடு மேல உங்களுக்கு என்ன மாமா பகை?

— பகையா? எனக்கா? நான் யாருக்கும்... ஏம்மா, மூடியைத் திறந்துட்டியா?

— திறந்துட்டேன். இடியைக் காணோம்.

— ஒளிஞ்சிருக்கும்.

— அதைத் தேடறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. மேல... நல்லாருக்கா? கீழ... நல்லாருக்கு. இப்ப நடுவுல. என்ன கேக்குது?

— கொசு.

— கொசுதான். ஒரு பிக்கப்புக்கு வயரைத் தலைகீழா வெச்சிருக்கு. தனியா வாசிச்சா தெரியாது. ரெண்டும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். அப்ப அன்னைக்கு மேடையில அவருக்குக் கொசுவாக் கேட்டது சரிதான் மாமா. அவர் காதுக்கு ஒண்ணுமே ஆகல.

— ...இடி வயரை மாத்தி வெச்சிருக்கும்.

— சால்டரும் வெச்சிருக்கே? புளியங்கொட்டை அளவுக்கு ஈயம். அதுல ஒரு முடி வேற ஒட்டியிருக்கு. வெள்ளை முடி. இடிக்கு மீசை இருந்துதா மாமா?

— எலிம்மா! இப்பத்தான் ஞாபகம் வருது. வெள்ளெலி.

— சால்டர் வைக்கத் தெரிஞ்ச எலியா?

— படிச்ச எலி.

— மாமா...

— சத்தமில்லாம மாத்தி வெச்சுடும்மா. அவனுக்குத் தெரிய வேண்டாம்.

— மாத்திடலாம். கிடார் சரியாயிடும். அவருக்கு அது போதாதே... அன்னைக்குக் கெட்டது வயர்தான், காது இல்லன்னு யாராவது அவர்கிட்ட சொல்லணும்.

— கூட வாசிச்சவனுங்க அன்னைக்கு, நல்லாத்தாண்டா இருந்துதுன்னு ஆறுதல் சொன்னானுங்க. அதுலதான் கெட்டுது. எல்லாருக்கும் நல்லா கேட்டிருக்கு, எனக்குத்தான் கேக்கலன்னு முடிவு கட்டிட்டான்.

— நீங்க ஏன் சொல்லல?

— வயர்தான் காரணம்னு இப்ப நீ சொல்லித்தானே தெரியுது! ...சந்தேகம் இருந்துது. கேக்க பயமா இருந்துது.

— என்னதான் நடந்துது?

— துடைச்சு வெக்கலாம்னு எடுத்தேன். கை தவறிக் கீழ விழுந்துடுச்சு. திறந்து பார்த்தா ரெண்டு வயர் தொங்குது, கறுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. அவன் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள ஒட்டணும். ரேடியோவுக்கு வெச்சிருந்த ராடு இருந்துது. எது எங்கன்னு தெரியல. மார்க்கெட் பக்கம் இருந்த கிடார் கடைக்கு போன் போட்டேன்.

— ...எந்தக் கடை?

— அதான்மா, மாடிப்படி ஏறணுமே. யாரோ ஒரு பொண்ணு எடுத்தா. கிடார் பேக்டரி சீஃப் இன்ஜினியர் பேசறேன், நாப்பது வருஷ சர்வீஸ்னேன்.

— எதுக்கு?

— சும்மா கேட்டா மதிக்க மாட்டாங்களே. ஒரு பிக்கப், ரெண்டு வயர், எது எங்கன்னேன். எப்படி வெச்சாலும் பாடும் சார்னா. பக்கத்துல இன்னொரு பிக்கப் இருக்குன்னு நான் சொல்லல. அவளும் கேக்கல.

— ஒரே பிக்கப்னா அவ சொன்னது சரிதான்.

— அவளுக்கு ஏம்மா நீ வக்காலத்து வாங்கற?

— ஒண்ணுமில்ல... அந்தக் கட்டிங் பிளேயரை எடுங்க.

— இந்தா. கொசுவை மொத்தமா எடுத்துடுவியா?

— எடுக்க மாட்டேன். இழுக்கற மாதிரி ஒரு டோன் குமிழ் எங்கிட்ட இருக்கு. அமுக்கினா நல்ல சத்தம், மேல இழுத்தா கொசு. அப்படி வெக்கிறேன்.

— நான் செஞ்ச தப்புக்குத் தனியா ஒரு குமிழா?

— காரணமாத்தான். இன்னைக்கு அவர் முன்னாடி நீங்களே அதை இழுக்கணும். அன்னைக்குக் கேட்டது இதுதானேன்னு கேளுங்க. அப்புறம் அமுக்குங்க. மிச்சத்தை அவர் காதே பார்த்துக்கும்.

— திட்டுவானே.

— திட்டட்டும். திட்டிட்டுக் கிடாரை எடுப்பார்.

— ...எடுப்பானா?

— நேத்து அந்தக் கூட்டாளி போனதுக்கப்புறம், சோத்துத் தட்டு ஓரத்துல அவர் விரல் தாளம் போட்டுட்டிருந்துது. நான் பார்த்தேன்.

— நானும் பார்த்தேன்மா. அந்த ஈயம் ஆறிடுச்சா?

— ஆறிடுச்சு. கம்பியைத் தட்டுங்க. குமிழை இழுங்க.

— கொசு.

— அமுக்குங்க.

— யப்பா... இப்ப கிடார் மாதிரி இருக்கு.

— மாமா, வண்டிச் சத்தம். வந்துட்டார்.

— வரட்டும். நான் சொல்றேன். இடி இல்லாம, எலி இல்லாம.

— சத்தியமா?

— இனிமே சத்தியமெல்லாம் வேண்டாம். நேராவே சொல்லிடறேன்... நீ ஏன் அந்த ராடை அணைக்காமப் பிடிச்சுட்டே நிக்கிற?

— நீங்க சொல்லி முடிச்சதும் நானும் அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— நீயா? நீ என்னம்மா பண்ணின, பாவம்?

— அன்னைக்கு அந்தக் கடையில போனை எடுத்தது நான்தான், சீஃப் இன்ஜினியர் சார்.