கோயிலுக்கு விட்ட வரிசை

சத்தியபாய்: எலே சஜன்... கைய எடு. அது கர்த்தருக்க கோயிலுக்கு விட்ட பயறு வரிசையாக்கும்.

சஜன்: ஒரு மூடு செடிதான் பிடுங்கினேன் மைனி. இலையப் பாத்தியளா, தேமல் விழுந்து சுருண்டு...

சத்தியபாய்: வெளுத்துப் போச்சேன்னு யூரியா போட்டேனே.

சஜன்: நல்ல பயறுக்கு அது எதுக்கு? வேரிலே இந்த முடிச்சு இருக்கில்லா, இதுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் இருந்து, காத்திலே உள்ள நைட்ரஜனைப் பிடிச்சுச் செடிக்குக் கொடுக்கும். அடுத்த வரிசையிலே நல்லா நிக்குத செடியைப் பிடுங்கி, அதுக்க முடிச்சை நகத்தாலே கீறிப் பாருங்க.

சத்தியபாய்: அம்மோ... உள்ளே ரத்தம் போல கிடக்கு.

சஜன்: சிவப்பா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். இனி கோயில் வரிசையிலே உள்ளதைக் கீறுங்க.

சத்தியபாய்: இது சோகை பிடிச்ச மாதிரி... முடிச்சும் கொஞ்சம்தான்.

சஜன்: வைரஸ் மைனி. இலைக்கு நோவு வந்தா சமையல் நின்னுபோகும். மேலேருந்து சோறு வராம கீழே உள்ளவன் எப்படி வேலை செய்வான்?

சத்தியபாய்: ரெண்டு பேரும் பட்டினி. மண்ணுக்குள்ளே என்னெல்லாம் காரியம்... உனக்க அண்ணனுக்குத் தெரியாததெல்லாம் நீ படிச்சிருக்கியே மக்கா. உனக்க லேப் வேலை நிரந்தரமாவுமா?

சஜன்: அது... பிறவு சொல்லுதேன். முதல்லே இந்த வரிசை பூரா பிடுங்கணும்.

சத்தியபாய்: ஞாயிற்றுக்கிழமை அறுப்புப் பண்டிகை ஏலத்துக்கு உள்ளதாக்கும். நேர்ந்ததைப் பிடுங்கி எறியச் சொல்லுதியா?

சஜன்: தண்டிலே கறுத்த செடிப்பேன் அடைஞ்சு கிடக்கு. இந்த நோவுச் சாறைக் குடிச்ச வாயோட வேலிக்கு அந்தப் பக்கம் போவும். அங்கே அம்மிணி அக்காவுக்க பயறுப் பந்தல்...

சத்தியபாய்: அவளுக்கு அந்தப் பந்தல் விட்டா வேற ஒண்ணும் இல்லலே.

சஜன்: அதான்.

சத்தியபாய்: பிடுங்கு. வேரோட. வரிசைக்க அந்தத் தலையிலேருந்து நான் வாறேன்.

சஜன்: நம்ம சபையிலே வேற யாருக்கும் இந்த மனசு வராது மைனி. சத்தியமாட்டு. ஆனா... எதுக்கு நேர்ந்த வரிசை இது?

சத்தியபாய்: உனக்க வேலை நிலைக்கணும்னு. இனி கர்த்தர் பாத்துக்கிடட்டும்.

சஜன்: அது நிரந்தரமாயாச்சு மைனி. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலே நான் எழும்பி நன்றி சாட்சி சொல்லும்போ நீங்க கேக்கட்டும்னு மறைச்சு வச்சேன்.

சத்தியபாய்: கள்ளப் பயலே... அப்போ பயறுக்குப் பதிலு உன்னையே ஏலத்திலே நிறுத்துதேன். யாரு கேட்டாலும் விடமாட்டேன், நானே எடுப்பேன்.