முதல் ‘வேண்டாம்’ என்றதும் மூடிய சாம்பார்ச் சட்டி

தலைமை நாற்காலியைத் தாம் வைத்துக்கொண்டு, மைக்கை அரைமனதோடு என்னிடம் விட்டிருக்கும் சங்கத் தலைவர் ஜம்புநாதன் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் வீற்றிருக்கும் பெரியவர்களே! பின்வரிசையில் பிள்ளைகளுக்கு ஊட்டியபடியே செவிமடுக்கும் தாய்மார்களே! தமிழில் கேட்டு இங்கிலீஷில் கொட்டாவி விடும் இளஞ்செல்வங்களே! அமெரிக்காவில், இந்தப் பேர்லேண்டில் வாழும் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் சுவாமிநாதனின் பொங்கல் வணக்கம்!

“விருந்தினர் வந்தால் வீட்டில் பேசும் ஆங்கிலம்” என்ற நூலை நம் சங்கம் இன்று வெளியிடுகிறது. இருநூறு வாக்கியங்கள். வெளியிடும் பொறுப்பை என்னிடம் ஏன் கொடுத்தார்கள்? இதன் மூலநூலை இந்த ஊரிலேயே முதலில் மனப்பாடம் செய்தவனும் நான்தான், அதனால் முதலில் மானம் போனவனும் நான்தான்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் இந்தப் புத்தகம் வரத்தான் போகிறது.

சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் என் அமெரிக்க மேனேஜர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் மனைவி காமாக்ஷி வடை வைத்தாள். “நோ, தேங்க் யூ” என்றார். நம்மிடையே முதல் ‘வேண்டாம்’ மரியாதை. இரண்டாவது ‘வேண்டாம்’ கூச்சம். மூன்றாவதையும் தாண்டிய பிறகல்லவா வயிறு வாயைத் திறக்கும்? நம் முறைப்படி காமாக்ஷி கேட்கக் கேட்க வைத்தாள், வைக்க வைக்கக் கேட்டாள். பாவம் மனிதர், ஆறு வடையையும் வியர்க்க விறுவிறுக்கத் தின்று தீர்த்தார். மறுநாள் ஆபீசில் என்னைத் தனியே அழைத்து, உன் மனைவிக்கு என்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டார்.

என் புலம்பலைக் கேட்டு, பக்கத்து வீட்டு சக்சேனா அம்மாள் டில்லியிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தைக் கொடுத்தார். இந்தி பேசும் குடும்பங்களுக்காக எழுதியது. இடப்பக்கம் இந்தி, வலப்பக்கம் ஆங்கிலம். நாமோ இந்தியை வாசலிலேயே நிற்கவைத்த வம்சம்! இடப்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வலப்பக்கத்தை வரி விடாமல் உருப்போட்டோம். ஒருமுறை கேள், உறுதிதானா என்று மறுமுறை கேள், வேண்டாம் என்றால் விட்டுவிடு. ஆகா, என்ன எளிமை! என்ன நாகரிகம்! எவ்வளவு சாம்பார் மிச்சம்!

படித்த பாடத்தைக் காட்ட ஆள் வேண்டாமா? மார்ச் மாதம் இர்விங்கிலிருந்து நண்பர் மயில்சாமி வந்தார். பொள்ளாச்சிக்காரர், அமெரிக்காவுக்கு வந்து ஐந்தே மாதம். உடன் வந்த மனைவி சாந்தாமணிக்கு அப்போது ஏழாம் மாதம். விடியுமுன் கிளம்பி, நாலரை மணி நேரம் காரோட்டி, பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் நம் ஊர்க் கோயிலில் மீனாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு, மதியம் ஒரு மணிக்கு எங்கள் கதவைத் தட்டினார்கள். உள்ளே முருங்கைக்காய்ச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வாசம் தெருமுனைவரை வீசியது.

காமாக்ஷி புத்தகப்படி புன்னகைத்தாள். “கேன் ஐ கெட் யூ சம்திங்?” சாப்பிட ஏதாவது தரட்டுமா என்று பொருள்.

“ஐயோ, வேண்டாமுங்க. இப்பத்தான் சாப்புட்டுட்டு வர்றோம்” என்றார் மயில்சாமி.

“ஆர் யூ ஷ்யூர்?”

“ஆமாங்க.”

“ஓகே” என்று சட்டியை மூடிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற நான் தடுத்தேனா? தட்டு எடுத்தேனா? இல்லை ஐயா, என் மனைவியின் உச்சரிப்பைக் கேட்டுப் பூரித்துப் போனேன்! இரண்டு மணி நேரம் கிரீன் கார்டைப் பற்றிப் பேசினேன். சாந்தாமணி மூன்று முறை தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்போதும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. கடைசிப் பக்கத்து வாக்கியத்தைக் கோரஸாகச் சொல்லி வழியனுப்பி வைத்தோம்.

பத்து நிமிடம் கழித்துப் பால் வாங்கப் போனேன். ப்ரீவே ஏறும் முனையில் பெட்ரோல் போடும் ஒரு கேஸ் ஸ்டேஷன். அங்கே வெயிலில், காரில் சாய்ந்து நின்றுகொண்டு, சாந்தாமணி ஒரு காய்ந்த பன்னைத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்ததும் என்ன செய்தார் தெரியுமா? பன்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பிள்ளைத்தாய்ச்சி அம்மா அவர்! பட்டினி போட்டவன் நான். நான் வெட்கப்படக் கூடாதே என்று பதறியவர் அவர்!

நான் ஓடிப்போய் அழைத்து வந்தேனா? கையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பால்கூட வாங்கவில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சக்சேனா அம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, முதல் பக்கத்து இந்தி வரியைப் படித்துப் பொருள் சொன்னார். “இந்த வாக்கியங்கள் அமெரிக்க விருந்தினருக்கு மட்டும். நம்மவர் வந்தால் கேட்காமல் தட்டு வையுங்கள்.” முதல் பக்கத்திலேயே இருந்திருக்கிறது ஐயா!

அதன் பிறகு ஐந்து முறை போன் செய்து கூப்பிட்டேன். “இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு” என்றே சொன்னார் மயில்சாமி. குழந்தை பிறந்து தவழவும் தொடங்கிவிட்டது. அந்த இன்னொரு நாள் மட்டும் வரவில்லை. இன்று அம்மனைக் கும்பிட வந்தவர்கள் இதோ, ஆறாம் வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தூண் மறைக்கவில்லை மயில்சாமி, நான் பார்த்துவிட்டேன்.

தலைவர் அவர்களே, நூலை வெளியிடுகிறேன். ஆனால் அந்த முதல் வரியைத் தமிழில், கொட்டை எழுத்தில் அச்சிட்ட பிறகே பிரதிகள் வெளியே போக வேண்டும்!

மயில்சாமி, சாந்தாமணி அம்மா! பத்து மாதமாகத் தொண்டையில் நின்றதை ஊரறியச் சொல்கிறேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள். இன்று மதியம் எங்கள் வீட்டில்தான் உங்களுக்குச் சாப்பாடு. என்ன, தலையை ஆட்டுகிறீர்கள்? வேண்டாமா? நல்லது, அது மரியாதை. வாருங்கள். மறுபடியும் வேண்டாமா? அது கூச்சம். வாருங்கள் ஐயா!

இதோ, காமாக்ஷி எழுந்துவிட்டாள். ஆறாம் வரிசைக்கே போய்விட்டாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சாந்தாமணியின் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கார் பக்கம் நடக்கிறாள். மயில்சாமி, முடிந்தால் இப்போது மூன்றாவது ‘வேண்டாம்’ சொல்லுங்கள் பார்ப்போம்!

பொறுமையோடு கேட்ட காதுகளுக்கு நன்றி, சிரித்த வாய்களுக்கு நன்றி. வீட்டில் தட்டு வைக்க ஆள் வேண்டும், நான் ஓடுகிறேன். வணக்கம்!